வாரத்துக்கு 45 மணி நேரம்

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் சண்டையில் நடுவில் உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை. 2025 செப்டம்பரிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நிலைமைதான். அந்த மாதம் முதல் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர்கள் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம். ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிறவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம், அதற்குள் தேறாவிட்டால் கட்டாய ஓய்வு. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள் இருக்கும் இடத்திலேயே இருந்துகொள்ளலாம், பதவி உயர்வு மட்டும் கேட்க முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைப் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போனது. மற்ற எல்லோருக்கும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

என் அக்கா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு வரும் வரும் என்று காத்திருந்து, 2008இல் வேலைக்குப் போனவள். இப்போது ஐம்பது வயது. என் சித்தி மகனும் அதே ஆசிரியர் பயிற்சிதான் முடித்தான். 2013இல் டெட் முதல் தாளில் தேறினான். இன்றுவரை அரசு வேலை கிடைக்கவில்லை, ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறான். தீர்ப்பு வந்த சில நாட்களில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு மாமா, "என்னம்மா, மறுபடியும் பரீட்சையாமே?" என்று கேட்டுவைத்தார். அக்கா தலையாட்டினாள். தம்பிதான் பேசினான். "எழுதட்டுமே மாமா. நாங்க எழுதலையா? பாஸ் பண்ணிட்டு பன்னெண்டு வருஷமா நிக்குறோம். எழுதாதவங்க பாடம் நடத்துறாங்க. பிள்ளைங்களுக்கு எது நல்லதுன்னு யாராவது யோசிச்சாங்களா?" அவன் குரலை உயர்த்தவில்லை, அதனால்தான் அது அதிகம் தைத்தது. அக்கா சாப்பிட்டு முடிக்கும் வரை பதில் சொல்லவில்லை. கை கழுவும்போது என்னிடம் மட்டும், "அவன் சொல்றதுல தப்பு எதுவும் இல்லடா" என்றாள்.

தப்பு இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. அங்கே படிக்கிற பிள்ளைக்கு அந்த ஆசிரியரை விட்டால் வேறு ஆள் இல்லை. டியூஷன் கிடையாது, வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தரவும் ஆள் இருக்காது. அப்படியிருந்தும் அக்காவை அந்த இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் நிறுத்திப் பார்க்கும்போது ஏதோ ஒன்று பொருந்தாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் என் அக்கா என்பதால் வரும் பாசமா, இல்லை வேறு ஏதாவதா என்று கேட்டுக்கொண்டே நாட்கள் போயின. அது என்னவென்று அவள் பள்ளியில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோதுதான் பிடிபட்டது.

ஒற்றைக் கொம்பு

அன்று தலைமை ஆசிரியர் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அது ஈராசிரியர் பள்ளி. ஒருவர் வெளியே போனால் மீதி ஒருவர்தான், ஐந்து வகுப்பும் அவர் தலையில். நான் அக்காவை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கை கூடுதலாக இருக்கட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டேன். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்புப்படி உட்காரவைப்பதில்லை. எழுத்து தெரியத் தொடங்குகிற பிள்ளை அரும்பு, அடுத்த படியில் மொட்டு, வகுப்புக்கு ஏற்றபடி வந்துவிட்ட பிள்ளை மலர். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் மூன்று வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அன்று அதோடு நான்கும் ஐந்தும் வேறு. பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு கொடுத்துவிட்டு, அரும்புக்கு மணலில் எழுதக் காட்டிவிட்டு, அக்கா மொட்டு வட்டத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்த வட்டத்தில் ஒரு சிறுமி. தனி எழுத்து எல்லாம் தெரியும். கால் போட்டாலும் சுழி போட்டாலும் வாசிக்கிறாள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வந்தால் மட்டும் தடுமாற்றம். 'செடி' என்று இருப்பதை 'சேடி' என்கிறாள், 'தேன்' என்று இருந்தால் 'தென்' என்று படித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறாள். அக்கா அவளைத் திருத்தவில்லை. பலகையில் கொம்பை வரைந்து, நீட்டிச் சொல், குறுக்கிச் சொல் என்று கொஞ்ச நேரம் விளையாட்டாக ஓட்டினாள். அதற்குள் ஐந்தாம் வகுப்பிலிருந்து கணக்கை முடித்த பையன்கள் எழுந்துவந்தார்கள். சமையல் செய்கிற அம்மா முட்டைக் கணக்குக்குக் கையெழுத்து கேட்டு வந்தார். கைப்பேசியில் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு பாதியில் நின்றிருந்தது. அந்தச் சிறுமியின் முறை அத்தோடு போயிற்று.

மாலையில் திரும்பும் வழியில் கேட்டேன், அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வாய் என்று. அக்கா சொன்னாள்: "அவளுக்குன்னு ஒரு கதை எழுதணும். ஒத்தக் கொம்பு மட்டும் வர்ற மாதிரி. செல்லி, பெட்டி, வெல்லம், செடி, நெல்லுன்னு. அதுல ரெட்டக் கொம்பு ஒண்ணுகூட வரக்கூடாது. ஒரு வாரம் அதையே படிச்சா பிடிச்சுக்குவா. அப்புறம் தேனும் மேடும் வேலியும் வர்ற கதை." எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்படி எழுதுவாயா என்றேன். வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கிக் காட்டினாள். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம், காலண்டர் அட்டை, பிஸ்கட் டப்பா அட்டை என்று எது கிடைத்ததோ அதில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய குட்டிக் கதைகள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிள்ளை எங்கேயோ சிக்கி நின்றதற்காக எழுதியது. ணகரமும் னகரமும் குழம்பியவனுக்கு ஒன்று. பின்னாலிருந்து முன்னே எழுதியவளுக்கு ஒன்று. "இத எப்போ எழுதுவ?" என்றேன். "ராத்திரி சாப்பாடு முடிச்சிட்டு. ஒரு மணி நேரம் ஆகும்." அப்புறம் அவளே சொன்னாள், "இப்ப எழுதுறதில்ல. அந்த நேரத்துலதான் டெட் படிக்கிறேன்."

என் உறுத்தலுக்கு அந்த இடத்தில் உருவம் கிடைத்தது. மேசையில் கைடு விரித்துக் கிடந்தது. முதல் தாளில் 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், ஒவ்வொன்றுக்கும் முப்பது. குழந்தை எப்படி எழுத்தைப் பிடிக்கிறது என்பதைப் பற்றிய தேர்வுக்காக, ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு எழுத்தைப் பிடிக்க வைக்கிற அட்டை எழுதப்படாமல் நிற்கிறது. அந்தச் சிறுமிக்கு நாளைக்குக் காலையில் என்ன இருக்கிறது என்று யோசித்தால் ஒன்றும் இல்லை. தேர்வு வரட்டும், போகட்டும், அவள் மூன்றாம் வகுப்பு ஒரே ஒரு தடவைதான் படிப்பாள்.

அக்கா தேர்வைக் குறை சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே பற்றி வாசித்தபோது அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். "நான் சும்மா அனுபவத்துல செஞ்சதுக்கெல்லாம் ஒருத்தர் காரணம் எழுதி வச்சிருக்கார்டா" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பயிற்சிக் காலத்தில் படித்ததுதான், இத்தனை ஆண்டு வகுப்பறைக்குப் பிறகு படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது என்றாள். எனவே ஆசிரியர்கள் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் படிப்புக்கான நேரம் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

சட்டத்திலேயே எழுதியிருக்கிறது

அதற்குப் பிறகு கல்வி உரிமைச் சட்டத்தை முதல் வரியிலிருந்து உட்கார்ந்து படித்தேன். 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். எல்லோரும் சண்டை போடுவது 23ஆவது பிரிவைப் பற்றி. ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியைச் சொல்வது அது. அதற்கு அடுத்த பிரிவை யாரும் பேசிக் கேட்டதில்லை. 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது, பெற்றோரைச் சந்திப்பது ஆகியவற்றோடு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் அதற்கேற்பக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதும் கடமை. அப்படியென்றால் அக்காவின் அட்டைப் பெட்டியில் இருப்பது முழுக்க முழுக்க 24ஆவது பிரிவு. அவள் ஆசைக்குச் செய்த வேலை என்று நான் நினைத்திருந்தது, பாராளுமன்றம் அவளிடம் கேட்ட வேலை.

சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. பள்ளி என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்பது அதில் வரும். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். கழிப்பறை, குடிநீர், நூலகம், விளையாட்டுத் திடல். அந்த வரிசையின் நடுவே, ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் வேலை என்று ஒரு வரி வருகிறது. அதில் பாடம் தயாரிக்கும் நேரமும் சேர்த்தி என்று சட்டமே சொல்கிறது. அந்த வரியைப் பல தடவை வாசித்தேன். தயாரிப்பு என்பது வேலை, அதற்கு நேரம் உண்டு, அந்த நேரம் பிள்ளைக்குச் சொந்தம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நடைமுறையில் அந்தத் தயாரிப்பு நேரம் பள்ளி நேரத்துக்குள் எங்குமே இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஓய்வுப் பாடவேளை என்ற ஒன்று கிடையாது. அதனால் அது இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இப்போது அங்கிருந்தும் எடுத்தாயிற்று.

27ஆவது பிரிவும் நேரத்தைப் பற்றியதுதான். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை, இந்த மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் யாரையாவது தெரிந்தவர்களிடம் இந்தப் பிரிவைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது. ஒரே சட்டத்துக்குள் தகுதியைச் சொல்கிற பிரிவுக்குக் கெடு உண்டு, தண்டனை உண்டு, நீதிமன்றம் வரை போகிற பலம் உண்டு. நேரத்தைக் காக்கிற பிரிவுகளுக்கு அப்படி ஒரு பலத்தை நான் பார்த்ததில்லை. கட்டாய ஓய்வில் ஒருவர் போய், அந்த இடம் நிரம்பாமல் கிடந்தால் அறுபது பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் என்ற வரி அன்றே உடைந்துவிடும். 23ஆவது பிரிவு நிறைவேறும், அட்டவணை தோற்கும். இரண்டும் அதே பிள்ளைக்காக எழுதப்பட்டவை.

தம்பியின் பக்கம்

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். "சரிண்ணே, நேரம் நேரம்னு சொல்றீங்களே, எங்க நேரத்த யாரு கணக்குல வக்கிறது?" என்றான். அவன் கதை தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களின் கதை. 2012 ஜூலையில் நடந்த முதல் டெட்டில் ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். ஆறு லட்சத்துக்கும் மேல் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கித் துணைத் தேர்வு வைத்தார்கள். ஆசிரியர்கள் சரியில்லை என்று அப்போது எல்லோரும் பேசினார்கள், தேர்வைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு தம்பி தேறினான். அப்புறம் வெயிட்டேஜ் வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு டெட் மதிப்பெண்ணுக்கு 60, பயிற்சிக்கு 25, பிளஸ் டூவுக்கு 15 என்று சேர்த்து வரிசைப்படுத்தினார்கள். மதிப்பெண் அள்ளிப் போடாத காலத்தில் பிளஸ் டூ படித்தவர்கள் அதில் பின்னுக்குப் போனார்கள். 2018இல் வெயிட்டேஜை எடுத்துவிட்டு, டெட் தேறியவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. அந்த நியமனத் தேர்வு இடைநிலை ஆசிரியர்களுக்கு நடந்தது 2024 ஜூலையில். தம்பிக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

டெட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது நடத்த வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் நெறிமுறை. தமிழ்நாட்டில் 2013க்குப் பிறகு எல்லோருக்குமான தேர்வு 2017இல்தான் நடந்தது. அடுத்து 2019, அதன் பிறகு 2022. அரசு தன் பங்குக்குக் கெடுவைத் தவறவிட்டபோது யாரும் கட்டாய ஓய்வில் போகவில்லை. அந்தக் குழுமமே 2010 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிக்கையில், அதற்கு முன் முறையாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு விலக்கு தந்திருந்தது. அந்த எழுத்தை நம்பித்தான் அக்கா போன்றவர்கள் பதினைந்து ஆண்டு இருந்தார்கள். தம்பி இருபத்தி சொச்சம் வயதில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு நாற்பதை நெருங்குகிறான். அக்கா எழுத வேண்டாம் என்று சொன்னதை நம்பி ஐம்பதைத் தொட்டுவிட்டாள். இருவருக்கும் விதி நடுவழியில் மாறியது. அவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. "உங்க ஸ்கூல்ல எத்தன பேர் டெட் முடிச்சவங்க?" என்று அவனிடம் கேட்டேன். "என்ன சேத்து ரெண்டு பேரு. இதுவரைக்கும் ஒரு அதிகாரி வந்து கேட்டதில்ல" என்றான். கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அரசுப் பள்ளி என்று தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை.

புத்தகம் இல்லாத இரண்டு மாதம்

சட்டம் என்றால் வகுப்பறைக்கு எப்படி வந்து சேரும் என்று அக்காவிடம் கேட்டால் அவள் 2011ஐத்தான் சொல்வாள். சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்து, ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் முதலில் நடைமுறையானது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு என்று முடிவாகிப் புத்தகங்களும் அச்சாகிவிட்டன. ஆட்சி மாறியது. ஜூனில் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து நிறுத்திவைத்தார்கள். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு போய், ஆகஸ்ட் 9ஆம் தேதி சமச்சீர் கல்வியையே நடத்துங்கள், பத்து நாளுக்குள் புத்தகம் கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. ஜூன் நடுவில் பள்ளி திறந்தது முதல் அதுவரை அந்த மற்ற வகுப்புப் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. பழையதை நடத்துவதா, புதியதை நடத்துவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா அப்போது நான்காம், ஐந்தாம் வகுப்பு வைத்திருந்தாள். ஊரில் எத்தனை கிணறு, எதில் தண்ணீர் எந்த மாதம் வற்றும் என்று பிள்ளைகளை விசாரிக்க வைத்தாளாம். அதிலிருந்து கணக்கு, அதிலிருந்து சூழ்நிலையியல், கிணற்றைப் பற்றிப் பாட்டிகள் சொன்ன கதையிலிருந்து தமிழ். "என் சர்வீஸ்லயே நான் நல்லா பாடம் நடத்துன ரெண்டு மாசம் அது" என்கிறாள். எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது. ஆனாலும் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே இரண்டு மாதத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகமே இல்லாமல் பொதுத்தேர்வை நோக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சட்டமன்றத் திருத்தமும் இரண்டு மாத வழக்கும், அவர்களின் ஆண்டில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. கோட்டையில் அந்தத் திருத்தத்தை விவாதித்தபோது இந்த ஆறில் ஒரு பங்கு யார் கையிலும் காகிதமாக இருந்திருக்காது.

நல்ல சட்டத்திலும் இது நடக்கிறது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்த சட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனை, அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமாகி, அரசாணை போட்டு, அடுத்த நாளே ஒப்புதல் வந்த அந்த அக்டோபர் கடைசி நாட்களில் நாங்கள் எல்லோரும் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இடங்கள் கிடைத்தன. ஆனால் அந்த இடத்துக்குப் போக நீட்டில் தேற வேண்டும், அதற்குப் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சி யாருடைய சனிக்கிழமை? இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் நடத்துகிற அதே ஆசிரியர்களுடையது. அவர்கள் மனமுவந்து செய்கிறார்கள். சட்டத்தில் அந்தச் சனிக்கிழமை எழுதப்படவில்லை.

மாநிலம் என்ன செய்யலாம்

கல்வி 42ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போனதிலிருந்து, மத்தியச் சட்டத்தோடு மோதுகிற மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாமல் நிற்காது. நீட் விலக்குச் சட்டமுன்வடிவுக்கு என்ன ஆனது என்று பார்த்திருக்கிறோம். டெட்டிலிருந்து பழைய ஆசிரியர்களுக்கு விலக்கு தரும் சட்டம் வேண்டும் என்று சங்கங்கள் கேட்கின்றன, தமிழக அரசு சீராய்வு மனுவும் போட்டிருக்கிறது. அது எப்படியும் முடியட்டும். நான் கேட்பது மாநிலத்தின் கைக்கு எட்டக்கூடிய ஒன்று.

சட்டமன்றத்தில் ஒரு சட்டமுன்வடிவு வரும்போது நோக்க காரண விளக்கவுரை இருக்கிறது. கருவூலத்திலிருந்து பணம் போகும் என்றால் எவ்வளவு போகும் என்று நிதிக் குறிப்பு வைக்கிறார்கள். பள்ளிகளைத் தொடுகிற சட்டம், அரசாணை, செயலி, திட்டம் எதுவானாலும் அதோடு ஒரு நேரக் குறிப்பும் வேண்டும். இந்த ஏற்பாட்டால் ஓர் ஈராசிரியர் பள்ளி ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கூடுதலாகும், அது 45இல் எதிலிருந்து கழியும், கழிகிற இடத்தில் யார் நிற்பார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பணத்தைக் கேட்காமல் எடுக்க முடியாது என்பதற்கு அத்தனை விதிகள் வைத்திருக்கிறோம். ஆசிரியரின் நேரத்தை மட்டும் ஒரு வாட்ஸ்அப் செய்தியால் எடுத்துவிட முடிகிறது.

டெட்டுக்கே அப்படி ஒரு குறிப்பு எழுதிப் பார்ப்போம். தேர்வுக்குத் தயாராக ஓர் ஆசிரியருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் வாரத்தில் ஆறு, ஏழு மணி நேரம் வருகிறது. அதைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவரலாம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன, வட்டார வள மையங்கள் இருக்கின்றன, குறுவளமையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. அங்கேயே, வேலை நாளிலேயே, சம்பளத்தோடு படிக்க வைக்கலாம். அந்த நாட்களில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள்? டெட் தேறிவிட்டுப் பன்னிரண்டு ஆண்டாகக் காத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கௌரவமான ஊதியத்தில் மாற்று ஆசிரியர்களாக எடுத்து, அந்தப் பணிக்காலத்தை அடுத்த நிரந்தர நியமனத்தில் கணக்கில் சேர்க்க முடியும். தற்காலிகம் என்று எடுத்துவிட்டு அப்படியே பத்தாண்டு வைத்திருப்பது நடக்கக் கூடாது, பகுதிநேர ஆசிரியர்கள் பட்ட பாடே போதும். அதற்காகத்தான் இது சட்டமாக வர வேண்டும் என்கிறேன், அரசாணையை அடுத்த அரசு ஒரு தாளில் மாற்றிவிடும்.

இதை அக்காவிடமும் தம்பியிடமும் தனித்தனியாகச் சொன்னேன். தம்பி முதலில் கேட்டது, "அந்தப் பணிக்காலத்த எழுத்துல தருவாங்களா?" என்று. அக்கா கேட்டது வேறு. "பதிலுக்கு வர்றவங்க கிட்ட, எந்தப் பிள்ள எங்க நிக்குதுன்னு சொல்லிட்டுப் போக எனக்கு ஒரு நாள் குடுப்பாங்களா?" இரண்டு கேள்வியையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைத்து, சட்டமன்ற உறுப்பினருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்பப் போகிறோம். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் குழு இருக்கும், அதில் பெரும்பாலானவர்கள் பெற்றோர்தான். தீர்மானத்தின் வாசகம் வேண்டும் என்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.